கால் வலிக்கவே இல்லை என்றாய்

மகனே,

நலம் விசாரிக்கிற வரியை இந்தக் கடிதத்தில் தேடாதே. நீ நலமாக இல்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது உனக்கும் தெரியும். பிறகு எதற்கு அந்த வரி? நான் நலமாகத்தான் இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். போன பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் நீ காரை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் இந்தக் கோபத்தோடுதான் பல் துலக்குகிறேன், இந்தக் கோபத்தோடுதான் சாமி விளக்கை ஏற்றுகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. மீட்டிங்கில் இருப்பதாக ஒரு பொம்மைப் படம் வருகிறது. பதினோரு நாளாக நடக்கிற மீட்டிங்கை இந்த ஊர்க் கலெக்டர் கூட நடத்த மாட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். கவரில் போட்டு அனுப்பினால் மடித்து டிராயரில் தள்ளிவிடுவாய். ஆகவே நாலு பேர் படிக்கிற இடத்துக்கே அனுப்புகிறேன். பயப்படாதே, உன் பேரும் போடவில்லை, என் பேரும் போடவில்லை. பெற்றவளிடம் உடம்பை மறைத்துக்கொண்டு திரிகிற பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களும் உன்னோடு சேர்ந்து வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

நேற்று நீ அனுப்பிய பெட்டி வந்தது. பிரித்தால் கால் பிடித்துவிடுகிற மிஷின். கூடவே போனில் சேதி: “அம்மா, இந்த வயசுல இனிமே மலை சுத்த வேணாம். சமையலுக்கு ஒரு ஆள் பாத்துட்டேன். நீ ரெஸ்ட் எடு.” யார் காலுக்கு வைத்தியம் வேண்டுமோ அவன், நன்றாக நடக்கிற காலுக்கு மிஷின் அனுப்புகிறான். இந்த வேடிக்கையை நான் எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வேன்?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ அதைத் திருப்பிப் போட்டு யோசித்தாயா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பங்குனிப் பௌர்ணமி. மறுநாள் சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும் என்று நீ அவசரப்படுத்தியதால் மதியம் மூன்று மணிக்கே ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். நீ, நான், எதிர்வீட்டு லட்சுமி. மூன்று பேரும் வெறுங்கால். மருமகள் கவிதாவும் குழந்தையும் பெங்களூரிலேயே இருந்துவிட்டார்கள். தார் ரோடு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. நானும் லட்சுமியும் ஓரத்து மண்ணையும் மரநிழலையும் தேடித் தேடிக் கால் வைத்தோம். நீ நடுரோட்டில், போனைப் பார்த்தபடி, ஏதோ புல்தரையில் நடப்பதுபோல் போய்க்கொண்டிருந்தாய். லட்சுமிதான் முதலில் கவனித்தாள்.

“இன்னாக்கா, உன் புள்ளைக்கு மட்டும் இன்னைக்கு வெயிலு லீவா?”

“ஏசியிலயே இருக்கிற ஒடம்புடி. குளுமையை சேத்து வெச்சிருப்பான்.”

சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வழியெல்லாம் அன்னதானம். எம லிங்கத்தருகே சர்க்கரைப் பொங்கல் இரண்டு தொன்னை வாங்கினாய். நிருதி லிங்கம் தாண்டி ரோஸ் மில்க். அடி அண்ணாமலையில் கேசரி. “போதும்டா” என்று நான் கையைப் பிடித்ததற்கு, “பிரசாதத்தை வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா சொல்லுவே” என்று என் வார்த்தையாலேயே என்னை மடக்கினாய். லட்சுமி கைதட்டினாள். நானும் பெருமையோடு உன் கையை விட்டுவிட்டேன். பிறகு குபேர லிங்கத்தருகே, நானும் அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நீ திரும்பிப் பார்த்துச் சொன்னாய்.

“ஆச்சரியமா இருக்கும்மா. இந்தத் தடவை கால் வலிக்கவே இல்ல. யாரோ தூக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு.”

“அண்ணாமலையார் அருளுப்பா,” என்று லட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் இதே பேச்சை, இதே ரோட்டில், நான் முன்பே ஒருவர் வாயால் கேட்டிருக்கிறேன். உன் அப்பா வாயால்.

வீட்டுக்கு வந்து வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு நீ உள்ளே போனாய். பின்னால் வந்த நான் தரையைப் பார்த்தேன். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவுப் பாதம் போடுவோமே, அதுபோல வாசற்படியிலிருந்து சோபா வரைக்கும் வரிசையாகத் தடம். வலது பாதம் மட்டும். சிவப்பாக. நீயோ டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாய்.

“காலைக் காட்டு.”

“எதுக்கும்மா?”

“காட்டுடான்னா!”

உள்ளங்காலில் சிதறுகாய் ஓட்டுச் சில்லு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சதைக்குள் ஏறி நின்றது. எந்த லிங்கத்தின் முன்னால் ஏறியதோ. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினேன். என் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. நீ முகம் கூடச் சுளிக்கவில்லை. “எடுத்துட்டியா?” என்று கேட்டாய்.

பிறகு நாம் பேசியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

“எத்தனை நாளா சுகர்?”

“ரெண்டு வருஷமா. கம்மியாத்தாம்மா இருக்கு.”

“கம்மின்னா எவ்வளவு?”

“எப்பவாவது முன்னூறு போகும்.”

“முன்னூறு உனக்குக் கம்மியாடா? மாத்திரை?”

“ஞாபகம் வந்தா போடுவேன்.”

“கவிதாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சொன்னா நீ இப்படி ஆரம்பிச்சிடுவேன்னு தெரியும். இன்னைக்கு பாதி ஊருக்கு சுகர் இருக்கும்மா. எல்லாரும் நல்லாதான் இருக்காங்க. அப்பா காலம் வேற.”

அப்பா காலம் வேறு என்று சொன்னாய் பார், அதற்குத்தான் நான் கத்தினேன். நீயும் கத்தினாய். காலையில் காபி கூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டாய். மூன்று நாள் கழித்து மருமகளிடம் கேட்டேன். “பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு ஆபீஸ் போறாரு அத்தை. டாக்டர்கிட்ட வாங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு” என்று அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியம் வாங்கியவன்மேல்தான் கோபம்.

இப்போது கேள். உன் அப்பா காலத்தைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் மறைத்தேன். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். “அப்பாவுக்கு முள்ளு குத்தி சீழ் பிடிச்சிருக்கு” என்று போனில் சொன்னேன். அது பொய். மறைக்கிற வித்தையை நீ என்னிடமிருந்துதான் படித்திருக்கிறாய். அதனால் என் கோபத்தில் பாதியை எடுத்து என் தலையிலேயே போட்டுக்கொண்டுதான் மீதியை உனக்கு அனுப்புகிறேன்.

துணிக்கடைக் கல்லாவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர் அவர். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். சுற்றிவிட்டு வந்தால் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அரை மணி முனகுவார். ஐம்பது வயதைத் தாண்டியதும் அந்த முனகல் நின்றுபோனது. “வலியே தெரியல. அவன் தூக்கிக்கிட்டுப் போறான்” என்றார். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என் புருஷனுக்கு அருள் வந்துவிட்டது என்று. சிலர் அவர் காலைத் தொட்டுக்கூடக் கும்பிட்டார்கள். ஒரு வருஷம், பன்னிரண்டு பௌர்ணமி, மரத்துப்போன காலுக்கு அருள் என்று பேர் வைத்துக் கொண்டாடினோம். வேறு ஊராக இருந்தால் கால் மரத்தவன் வைத்தியரிடம் போயிருப்பான். நாங்கள் தேங்காய் உடைத்தோம்.

பிறகு ஒரு இலவச முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை என்றார்கள். டாக்டர் ஒரு ஊசியால் உள்ளங்காலில் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ள கூட வெறுங்காலோட நடக்காதீங்க” என்று சொல்லி, மெத்தென்று அடிப்பாகம் வைத்த ஒரு செருப்பை எழுதிக் கொடுத்தார். வாங்கினார். அடுத்த பௌர்ணமிக்கு அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் கேட் பக்கத்தில் பூக்கூடையோடு நின்றிருந்தேன்.

“ஏங்க, மலை சுத்தப் போறதுக்கா இதை மாட்டிக்கிட்டு வர்றீங்க? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?”

“டாக்டரு சொன்னாரே.”

“டாக்டரு பெருசா, அண்ணாமலையாரு பெருசா? ஒரு நாள்ல ஒன்னும் ஆயிடாது, வாங்க.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். குனிந்து, செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தார். வருண லிங்கத்தின் முன்னால் எல்லோரும் தரையில் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக் கைகூப்பி அந்த நெருப்பின்மேலேயே நின்றார். பின்னாலிருந்தவர்கள் கத்தினார்கள். அவர் நிதானமாகத் திரும்பி, “என்னாங்க?” என்று கேட்டார். எனக்குத் தோல் கருகுகிற வாசனை வந்தது. அவருக்கு எதுவும் வரவில்லை. முதலில் இரண்டு விரல் போனது. பிறகு பாதி பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. மூன்று வருஷத்தில் அவரே போனார். அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள் கூட, “நீதானேடி கழட்டச் சொன்னே” என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் லேசாக இருந்திருப்பேன். அந்தச் செருப்பு பரணில் இருக்கிறது. அடிப்பாகம் தேயவே இல்லை.

இதுதான் நான் உன்னிடம் மறைத்தது. இதைத் தெரிந்துகொண்டு என்னைத் திட்டு, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போகாதே.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நாற்பது வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். கொத்தமல்லிக் கட்டு கூட என் நோட்டைத் தப்பியதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. காசு கொடுத்து வாங்கியதுதான் அதில் ஏறும். சும்மா வந்தது ஏறாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உன் அப்பா வழியில் சாப்பிட்ட பொங்கலும் புளியோதரையும் எனக்குச் செலவில்லை, அதனால் அது சாப்பாடே இல்லை. “அன்னைக்கு ராத்திரி சமையல் மிச்சம்” என்று சந்தோஷப்பட்டேன். பிரசாதம் உடம்பை ஒன்றும் செய்யாது என்று வேறு நம்பினேன். அதே போல மீந்த சோறு. குப்பையில் கொட்டினால் பாவம் என்று சட்டியைச் சுரண்டி அவர் தட்டில் போடுவேன். அவர் வயிறு எனக்குக் குப்பைத்தொட்டிக்குப் பதிலாக இருந்தது. ரத்தம் பார்க்கச் செலவாகுமே என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டதும் நான்தான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு என் வளையல் நாலும் போனது. இப்படிக் கஞ்சத்தனம் செய்துவிட்டுச் சிக்கனம் என்று நோட்டில் கோடு போட்டுக் கூட்டி வைத்திருந்தேன்.

உன் கதை அதற்கு நேர் எதிர். நீ காசு கொடுத்தே கெட்டதை வாங்குகிறாய். பௌர்ணமிக்கு வந்தபோது உன் பையிலிருந்து சிறுதானிய பிஸ்கட் என்று ஒரு பாக்கெட்டை எடுத்து, “ஹெல்தியானதும்மா, நீயும் சாப்பிடு” என்று நீட்டினாய். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் உன் அப்பாவின் மாத்திரை அட்டைகளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படித்தேன். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது எனக்குச் சுப்ரபாதம் மாதிரி. முதலில் மைதா என்று எழுதியிருக்கிறது, இரண்டாவது சர்க்கரை, கம்பும் கேழ்வரகும் கடைசி வரியில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. முன்பக்கத்தில் மட்டும் ஒரு கதிர் படம். இன்ஜினீயரிங் படித்தவனுக்குப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லையா? அந்த ஒரு பாக்கெட்டின் விலைக்கு நான் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்குவேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற அம்மாவிடம் மல்லாட்டை, வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை, வாங்கி உப்புப் போட்டு வேகவைத்தால் நாலு நாளைக்குச் சாயங்காலப் பசிக்கு ஆகும். முருங்கைக்கீரை கொல்லையில் சும்மா காய்ந்து உதிர்கிறது. அதற்காகக் களியையே வட்டில் நிறையத் தின்றால் நல்லது என்று நினைத்துவிடாதே. அளவு மீறினால் களியும் சர்க்கரைதான். தட்டில் பாதி கீரையும் காயும், ஒரு கரண்டி பருப்பு, மிச்சத்தில்தான் சோறோ களியோ. விளக்கேற்றுகிற நேரம் தாண்டிச் சாப்பாடு இல்லை. நான் இப்படித்தான் சாப்பிடுகிறேன். அறுபத்து நாலு வயதில் ஒரு மாத்திரை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தச் சாப்பாட்டை அவருக்குப் போடாமல் போனேனே என்ற வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அடுத்தது உன் ஜிம். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு, எட்டு நாள் போனாய் என்று கவிதா சொன்னாள். அந்த எட்டு நாளும் அடுத்த தெருவிலிருக்கிற ஜிம்முக்குக் காரில் போனாயாம். நடப்பதற்காகக் காரில் போகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அதைவிட இன்னொன்று. காலடியை எண்ணுகிற கைக்கடிகாரம் ஒன்று உன் ஆபீஸில் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தால் ஏதோ பரிசு. நீ என்ன செய்தாய்? அதைக் கழற்றி யாழினி கையில் கட்டிவிட்டாய். ஏழு வயதுக் குழந்தை நாளெல்லாம் குதிக்கிறாள், அப்பன் பரிசு வாங்குகிறான். அவளே போனில் சொன்னாள், “பாட்டி, நான்தான் அப்பாவுக்காக நடக்கறேன்” என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லையடா. பொய்க் கணக்கு எழுதுகிறவனைக் கடை முதலாளி வெளியே தள்ளுவான். உடம்பு அப்படித் தள்ளாது. பேசாமல் எழுதி வைத்துக்கொண்டு ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கும். உன் அப்பாவிடம் கேட்டது.

இப்போது என் ரெஸ்ட்டைப் பற்றி. சமையலுக்கு ஆள் வேண்டாம். அனுப்பினால் வாசலிலேயே காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். நான் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்துகொள்கிறேன். என் புடவையை நானே பிழிகிறேன். காலையில் வேங்கிக்கால் வரை நடந்துபோய் உழவர்களிடம் காய் வாங்கி, பை கனத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நடந்தே திரும்புகிறேன். ஆட்டோவுக்குக் கொடுக்காதது மிச்சம் என்று நோட்டில் எழுதுகிறேன், அது ஒரு சந்தோஷம். முட்டி வலிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. உட்காரவைத்தால் இன்னும் ஜாஸ்தி வலிக்கும். உன் அப்பாவைக் கல்லா உட்காரவைத்தது. உன்னை உன் கம்ப்யூட்டர் உட்காரவைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. என்னையும் உட்காரவைத்து மிஷினில் காலை நீட்டச் சொல்கிறாயே, இந்த வீட்டில் நடக்க ஒருவராவது வேண்டாமா?

மிஷினைத் திருப்பி அனுப்ப லட்சுமி மகனிடம் சொல்லிவிட்டேன். பணம் உன் கணக்குக்கே வரும். அதைக் கொண்டுபோய்க் கால் டாக்டரிடம் கட்டு.

மிஷின் வருவதற்கு முன்னாலேயே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். போன திங்கட்கிழமை தேரடித் தெருவில் செருப்புக் கடைக்குப் போய், மெத்தென்று அடிப்பாகம் உள்ள ஷூ கேட்டேன்.

“யாருக்கும்மா?” என்றார் கடைக்காரர்.

“எனக்கு ஒன்னு. என் புள்ளைக்கு ஒன்னு.”

“புடவைக்கு ஷூ நல்லா இருக்காதேம்மா.”

“கால் இல்லாம போனா புடவை இன்னும் நல்லா இருக்காதுப்பா. எடு.”

மறுநாள் காலை ஐந்தரைக்கு அதை மஞ்சப்பையில் மறைத்துக்கொண்டு கிளம்பினேன். பிறந்ததிலிருந்து அந்த ரோட்டை வெறுங்காலோடு தவிரச் சுற்றியதில்லை. தெரு முனை தாண்டி, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “நான் உனக்குப் பண்ற மரியாதைக் குறைவு இல்லை இது, ஒரு பாடத்தை லேட்டாப் படிக்கிறேன், பொறுத்துக்கோ” என்று வாய்விட்டுச் சொல்லி மாட்டினேன். கயிறு லேசில் முடிச்சு விழவில்லை. அக்னி லிங்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டேன், திரும்ப மாட்டிக்கொண்டேன். செங்கம் ரோட்டில் காபிக் கடைகள் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெறுங்காலோடு, விபூதிப் பட்டையோடு எதிரே வந்தாள். என் காலைப் பார்த்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்டோம். பூ விற்கிற அம்மா ஒருத்திதான் விடவில்லை.

“ஏம்மா, வயசானவ, நீயே இப்படி ஷூ போட்டுக்கிட்டு சுத்துனா? காலம் கெட்டுப்போச்சு.”

“காலம் கெடலம்மா. எங்க வீட்டுல காலு கெட்டுப்போச்சு,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு முழம் பூவை அளந்து கையில் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. “எங்க வூட்டுக்காரருக்கும்தான்” என்று மட்டும் சொன்னாள். வருண லிங்கத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். உன் அப்பாவிடம் அங்கேதான் மன்னிப்புக் கேட்டேன். அப்போது என்ன சொன்னேன் என்பது உனக்கு வேண்டாம்.

இனி நான் சொல்வதைச் செய். இந்தக் கடிதத்தைப் படித்த நாளிலேயே, மறுநாள் இல்லை, அந்த நாளிலேயே, உன் வலது காலை டாக்டரிடம் காட்டு. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுகிற சமாச்சாரம் இல்லை. சாமி விளக்கு ஞாபகம் வந்தாலா ஏற்றுகிறோம்? தினம் படுக்கப் போகுமுன் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்கால் இரண்டையும் பார். உன் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை என்றால் கவிதாவைப் பார்க்கச் சொல். கடிகாரத்தை யாழினி கையிலிருந்து வாங்கி உன் கையில் கட்டு. ஆயிரம் அடிதான் வருகிறதா, ஆயிரம் என்றே காட்டட்டும். உண்மையான ஆயிரம் போதும் எனக்கு.

சித்ரா பௌர்ணமிக்கு வா. புண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னால் என்னோடு நட, ஒன்பதாம் நம்பர் ஷூ உனக்காக வாசல் அலமாரியில் இருக்கிறது. ஆறவில்லை என்றால் கோபுரத்தின் முன்னால் உட்கார்ந்து கும்பிடு. உனக்கும் சேர்த்து நான் சுற்றிவிட்டு வருகிறேன். ஊரே திரண்டு நிற்கிற அன்றைக்கு, எல்லோரும் பார்க்க, ஷூவோடுதான் சுற்றுவேன். பாவம் என்று ஒன்று இருந்தால் அதை என் பேரில் எழுதிக்கொள்ளட்டும். பிரசாதம் கொடுத்தால் ஒரு விரல் நுனி எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுவிட்டு, தொன்னையைப் பின்னால் வருகிறவருக்குக் கொடுத்துவிடு. வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றுதான் நான் சொன்னேன், பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. உனக்கு ஏழு வயது. முதல் தடவையாக முழு மலையையும் நடக்கவைத்துக் கூட்டிப்போனோம். நிருதி லிங்கத்தருகே ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, “கால் வலிக்குதும்மா” என்று அழுதாய். உன் அப்பா தூக்கப் போனார். நான் விடவில்லை. உன் தொடையில் கிள்ளி, “மலை சுத்தும்போது வலிக்குதுன்னு சொல்லக் கூடாது, சாமி கோவிச்சுக்கும்” என்றேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நடந்தாய். அன்றைக்கு மூடிய வாய்தான், இரண்டு வருஷம் சர்க்கரையை மறைத்தது. அந்தக் கிள்ளலை இன்றைக்கு நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்ள இங்கே நான் ஒருத்தி இருக்கிறேன், போதும்.

கால் வலித்தால் வாய்விட்டு அழு, ஊரைக் கூட்டு, எனக்கு நிம்மதியாக இருக்கும். வலிக்கவில்லை என்றால், அந்த நிமிஷமே போன் செய்.

அம்மா